என்ஜின் மாற்றிய பிறகு ராத்திரியோடு ராத்திரியாக பாட்டரி இறங்குகிறது (1998 ஜிப்சி)

பூமாலை ஜிப்சி:

ஆள் மடிப்பாக்கம், தொழில் பூமாலை. வண்டி 1998 மாருதி ஜிப்சி. பூக்காரனுக்கு எதற்கு ஜிப்சி என்று நிறையப் பேர் கேட்டாயிற்று. மாமனார் ஆசையாக வைத்திருந்த வண்டி. பின்சீட்டை மடக்கினால் எட்டு மூட்டை சம்பங்கி ஏறும். துணிக்கூரை என்பதால் பூ வேகாது. அவ்வளவுதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் வடியாததுமாகச் சாவியைத் திருப்பியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. என்ஜின் தண்ணீரைக் குடித்து ஒரு கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அப்புறம் ரொம்ப நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

போன ஐப்பசியில் புதுப்பேட்டையில் ஒரு என்ஜின் கிடைத்தது. 2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற) ஜிப்சியினுடையது, அதே 1298 சிசி. ஒயரிங், கம்ப்யூட்டர், டைனமோ (என்ஜின் ஓடும்போது பாட்டரியைச் சார்ஜ் செய்வது) எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள். மெக்கானிக் பழையதை இறக்கி இதை ஏற்றினார். ஒயரிங்கை அவர் கூட்டி வந்த எலக்ட்ரீஷியன் ஒரே நாளில் முடித்தார். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் முன்பெல்லாம் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும், இப்போது நாலாவதிலேயே ஏறுகிறது.

பிரச்சினை ராத்திரியில். சாயங்காலம் 7 மணிக்கு நிறுத்துகிறேன். விடிகாலை 3 மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், செல்ஃப் சுற்றுவதில்லை. மார்கழி மாதம். கல்யாண ஆர்டர் கிடையாது, எல்லாம் கோயில் ஆர்டர். கோயம்பேடு போய்ப் பூ எடுத்துக்கொண்டு, கட்டி வைத்த ஆண்டாள் மாலையோடு நாலரைக்குள் கோயில் வாசலில் நிற்க வேண்டும். பெருமாள் காத்திருப்பார், பட்டர் காத்திருக்க மாட்டார். கார்புரேட்டர் இருந்த காலத்தில் இரண்டு பேர் தள்ளினால் இரண்டாவது கியரில் எழுந்துவிடும். இப்போது பாட்டரி செத்தால் பெட்ரோல் பம்பும் ஓடாது, கம்ப்யூட்டரும் விழிக்காது. தள்ளித் தள்ளி மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இதுவரை பார்த்தது: பாட்டரிக் கடையில் புதுசு வாங்கச் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நாளைக்கு வேறு பாட்டரி கடனாக வாங்கிப் போட்டேன், அதுவும் இறங்கியது. பாட்டுப்பெட்டியைக் கழற்றி வைத்தேன், பலன் இல்லை. நேற்று ராத்திரி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஃபியூஸ் பெட்டியில் அத்தனை ஃபியூஸையும் பிடுங்கி ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன். காலையில் அதே 'டக்'. எல்லா ஃபியூஸும் டம்ளரில் இருக்கும்போது கரண்ட் எந்த வழியாகத்தான் போகிறது?

வண்டலூர் ரைடர்:

ரொம்ப யோசிக்காதீர்கள் அண்ணா. ஜி.பி. ரோட்டில் பாட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் கிடைக்கும். நெகட்டிவ் கேபிளில் மாட்டுங்கள். ராத்திரி திருகி எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். என் பழைய ஜீப்பில் நான்கு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

டிப்போ ஒயர்மேன்:

பேருந்து டிப்போவில் 31 வருடம் எலக்ட்ரிகல் பார்த்து ஓய்வு பெற்றவன். ரைடர் தம்பி சொல்வது ஓட்டைக் குடத்தைத் தினமும் படுக்க வைக்கிற மாதிரி. தண்ணீர் ஒழுகாது, ஓட்டை அப்படியே இருக்கும். தவிர, எம்பிஎஃப்ஐ வண்டியில் தினமும் பாட்டரியை வெட்டினால் கம்ப்யூட்டர் கற்று வைத்ததெல்லாம் அழிந்து, காலையில் கொஞ்ச நேரம் ஐடிலிங் ஏறி இறங்கும். வழி தெரியாமல் ஒரு ஒயரில் ராத்திரி முழுக்க கரண்ட் ஓடுகிறது. அது எங்கேயாவது உரசினால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும்.

பூக்காரரே, உங்கள் டம்ளர் சோதனை வீண் போகவில்லை. ஃபியூஸ் பெட்டிக்கு வராத லைன்கள் வண்டியில் சில உண்டு. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடி கேபிள் ஒன்று, டைனமோவிலிருந்து பாட்டரிக்கு வரும் தடி ஒயர் இன்னொன்று. என்ஜின் மாற்றும்போது புதிதாக ஒட்டுப்போட்ட ஒயர்கள் எதில் போய்ச் சேர்ந்தன என்பது ஒட்டியவருக்குத்தான் தெரியும். திருடன் அந்தப் பக்கம்தான் இருக்கிறான்.

ஆனால் முதலில் அளக்க வேண்டும். பாட்டரியை வெளியே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, வண்டியில் மாட்டாமல் ஒரு நாள் சும்மா வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் நின்றால் பாட்டரி சரி. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மல்டிமீட்டர். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றிச் செருகுங்கள், மறந்துவிடாதீர்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கொடுங்கள். சாவி வெளியே, விளக்குகள் அணைந்து, கதவு மூடியிருக்க வேண்டும். மாட்டியவுடன் ஒரு துள்ளல் காட்டும், ஐந்து நிமிடம் விட்டுப் படியுங்கள். உங்கள் வண்டிக்கு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். முக்கியமாக, மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் தொடக்கூடாது. செல்ஃப் இழுக்கிற கரண்ட்டுக்கு அந்தக் குட்டி மீட்டர் தாங்காது.

பூமாலை ஜிப்சி:

ஐயா, நன்றி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் வாங்கி வந்தேன். நீங்கள் முக்கியமாக என்று சொன்னதை என் பையன் படிக்கவில்லை. நான் பானெட்டுக்குள் குனிந்திருக்கும்போது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டான். மீட்டரிலிருந்து ஒரு சின்ன நீலப் பொறி, கூடவே பிளாஸ்டிக் வாசனை. வாங்கி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. பையன் பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கிறான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாளை இன்னொன்று வாங்குகிறேன். பாட்டரியைப் பொறுத்தவரை, சார்ஜ் போட்டு வெளியே வைத்ததில் ஒரு நாள் கழித்தும் 12.5 நிற்கிறது. 35 ஆம்பியர்-அவர், வயது இரண்டரை வருடம். என்ஜின் ஓடும்போது டெர்மினலில் 14.1 காட்டியது.

டிப்போ ஒயர்மேன்:

பையனைத் திட்டாதீர்கள். டிப்போவில் என் முதல் மீட்டரும் அப்படித்தான் போனது.

இன்னொரு மீட்டரையும் காவு கொடுக்க வேண்டாம். இண்டிகேட்டரில் இருக்கிற 21 வாட் பல்பு ஒன்றை எடுங்கள். இரண்டு ஒயர் பற்றவைத்து, மீட்டருக்குப் பதிலாக அதே இடத்தில் கொடுங்கள். எங்கேயும் ஒழுகவில்லை என்றால் பல்பு இருட்டாக இருக்கும். பெரிய ஒழுகல் என்றால் எரியும். யாராவது சாவியைத் திருப்பினாலும் பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான், ஒன்றும் கெடாது. எங்கள் காலத்து ஆட்கள் பாதிப் பேர் இதை வைத்தேதான் காலம் தள்ளினோம். இருட்டில் செய்யுங்கள், சின்னச் சிவப்புக் கம்பி மினுக்கினாலும் தெரியும். பல்பு எரிந்தால் மட்டும் மீட்டர் வைத்து நம்பர் எடுங்கள்.

டைனமோ 14.1 போடுகிறது என்பதால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. நன்றாகச் சார்ஜ் செய்கிற டைனமோவும் ராத்திரியில் திருடலாம்.

அம்பத்தூர் லேத்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டைனமோவுக்குள் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு லீக் ஆனாலும் இப்படி இறங்கும். புதுப்பேட்டை டைனமோ எத்தனை வருடம் எங்கே கிடந்ததோ யார் கண்டது. பார்க்கிற வரிசை இதுதான்: டைனமோவின் பின்னால் இருக்கிற சின்ன பிளக்கை மட்டும் முதலில் பிடுங்குங்கள். ஒழுகும் கரண்ட் குறைந்து விழுந்தால் குற்றம் பிளக்குக்கு வரும் ஒயரிங்கில் இருக்கிறது. விழாவிட்டால் நட்டுப் போட்ட தடி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது விழுந்தால் டயோடு. தடி ஒயரில் எப்போதும் பாட்டரி கரண்ட் உண்டு, பாட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் அதில் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் அடிக்கும்.

இன்னொரு விஷயம், தலைப்புக்கு வெளியே. ஆர்சியில் என்ஜின் நம்பரை மாற்றிவிட்டீர்களா? சிசியும் எரிபொருளும் அதே என்றாலும் நம்பர் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

பூமாலை ஜிப்சி:

ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

பல்பு எரிகிறது! முழு வெளிச்சம் இல்லை, ஆனால் பூஜை அறை விளக்கு அளவுக்குத் தாராளமாக எரிகிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, வண்டிக்குள் ஒரு விளக்கும் இல்லை, ஃபியூஸ் எல்லாம் மறுபடியும் டம்ளரில். அப்படியும் எரிகிறது. இரண்டாவது மீட்டரில் 2.1 ஆம்பியர். மூன்று தடவை பார்த்தேன். (பையனை மாடிக்கு அனுப்பிவிட்டுத்தான்.)

டிப்போ ஒயர்மேன்:

2.1 என்றால் சின்னத் திருடன் இல்லை. கணக்குப் போடுங்கள்: 7 மணியிலிருந்து 3 மணி வரை 8 மணி நேரம், 2.1 வீதம் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்-அவர். உங்களுடையது 35. இரண்டரை வயதில் முழு 35 நிற்காது. பாதிக்குக் கீழே போன பாட்டரி செல்ஃபைச் சுற்றாது, செல்ஃபுக்குக் கரண்ட் விடுகிற சொலினாய்டு சுவிட்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். உங்கள் 'டக்' அதுதான். இப்படிப் பல நாள் அடிவரை இறங்கினால் நல்ல பாட்டரியும் கெட்டுப்போகும், அதனால் சீக்கிரம் பிடிக்க வேண்டும்.

இனி மீட்டர் வேண்டாம், கை போதும். இன்றைக்கு 7 மணிக்கு நிறுத்துங்கள். நடு ராத்திரிக்கு மேல் ஒரு தடவை எழுந்து பானெட்டைத் திறந்து, முதலில் என்ஜினைத் தொடுங்கள், அப்புறம் டைனமோவைத் தொடுங்கள். 2 ஆம்பியர் என்றால் 24 வாட் சூடு. அது எங்கே போகிறதோ அந்த இடம் சொல்லிவிடும்.

டைனமோ சூடாக இருந்தால் அதன் பின்பக்கம் பேரிங் இருக்கிற குமிழுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோங்கள். சாவி போடாத டைனமோவில் காந்தம் இருக்கக் கூடாது. பழைய காந்தம் லேசாக இருக்கலாம், ஆனால் இழுக்காது. இழுத்தால் உள்ளே காந்தத்தை உண்டாக்குகிற ஃபீல்டு காயிலுக்கு கரண்ட் போகிறது, டைனமோ இன்னும் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

பூமாலை ஜிப்சி:

நேற்று ராத்திரி நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

1.40 இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன் அப்படியே கீழே போனேன். பனி நன்றாக இறங்கியிருந்தது, பானெட் தகடு நனைந்து கையில் ஒட்டியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இன்டேக் மேனிஃபோல்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஹெட்டின் மேல் மூடி, அதுவும் சில்லென்று. ரேடியேட்டர் ஹோஸில் வெதுவெதுப்பு துளிக்கூட இல்லை. கையை இறக்கி டைனமோவில் வைத்தேன். இப்போதுதான் பால் ஊற்றிய டம்ளர் மாதிரி இளஞ்சூடு! ஆறரை மணி நேரம் முன்னால் நிறுத்திய வண்டியில் அது மட்டும் சூடு.

ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோனேன். குமிழுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போதே கையிலிருந்து இழுபட்டு 'டிக்' என்று ஒட்டியது. விட்டேன், அப்படியே தொங்கியது. அந்த நேரத்தில் தெருவில் யாரும் இல்லை, இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். ஒரு நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்பத்தூர்க்காரர் சொன்ன மாதிரி பின்னால் இருக்கிற சின்ன பிளக்கின் பூட்டை அமுக்கிப் பிடுங்கினேன். ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்து எங்கேயோ என்ஜினுக்குள் ஒளிந்துகொண்டது, காலையில் கிராஸ் மெம்பர் மேல் கிடைத்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 2.1 இருந்த இடத்தில் 0.09. மாடியிலிருந்து வீட்டம்மா, "திருடன் வந்திருக்கானா?" என்று குரல் கொடுத்தாள். பிடித்தாயிற்று என்றேன்.

3 மணிக்கு ஒரே திருப்பில் எழுந்தது. ஆனால் பிளக் இல்லாமல் சார்ஜ் ஆகாதே, போய்விட்டு வந்ததும் மறுபடி என்ன செய்வது?

டிப்போ ஒயர்மேன்:

நல்லது. அந்த பிளக்கில் எத்தனை ஒயர்? டைனமோவின் பின்னால் பிளக் செருகும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள், எழுத்து இருக்கும்.

பூமாலை ஜிப்சி:

மூன்று ஒயர். துடைத்தால் எஸ், ஐஜி, எல் என்று மூன்று எழுத்து தெரிகிறது.

பிளக்கிலிருந்து பின்னால் ஒரு சாண் தூரத்தில் கறுப்பு டேப் உருண்டை. பிரித்தேன். எஸ், ஐஜி இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி ஒரே சிவப்பு ஒயரில் சேர்த்திருக்கிறார். அந்தச் சிவப்பு நேராகப் பாட்டரி பாசிட்டிவுக்குப் போகிறது. நடுவில் ஃபியூஸ் கிடையாது, சாவியும் கிடையாது. பற்றவைப்பும் இல்லை, வெறும் முறுக்கல். எல் மட்டும் தனியாக டேஷ்போர்டு பாட்டரி விளக்குக்குப் போயிருக்கிறது.

டிப்போ ஒயர்மேன்:

இதுதான் விஷயம். எஸ் என்பது பாட்டரியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டை அளவாக வைக்கிறது) எட்டிப் பார்க்கிற ஜன்னல். அது நேராகப் பாட்டரிக்குப் போவதுதான் சரி, 24 மணி நேரமும் இருந்தாலும் இழுப்பது கொஞ்சம்தான். ஐஜி அப்படி இல்லை. சாவி போட்டாயிற்று, எழுந்திரு என்று டைனமோவை எழுப்புகிற ஒயர் அது. உங்கள் எலக்ட்ரீஷியன் இரண்டையும் ஒரே ஜாதி என்று நினைத்துச் சேர்த்துவிட்டார். ராத்திரி முழுக்க டைனமோ, இதோ ஓட்டப் போகிறார்கள் என்று ஃபீல்டு காயிலுக்கு கரண்ட் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வேறு ஒயரிங்கை ஒரே நாளில் கலர் பார்த்து ஒட்டச் சொன்னால் இப்படித்தான் ஆகும். சார்ஜ் ஆகிறதா, ஆகிறது, விளக்கு அணைகிறதா, அணைகிறது என்று போயிருப்பார்.

ஐஜியைப் பிரித்தெடுங்கள். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வருகிற, ஃபியூஸுக்கு அப்புறம் இருக்கிற ஒரு லைனில் சேருங்கள். செல்ஃப் சுற்றும்போதும் கரண்ட் இருக்கிற லைனாகப் பாருங்கள். பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள், பூ கட்டுகிற மாதிரி முறுக்காதீர்கள். டைனமோவில் இருக்கிற எழுத்தை வைத்து வேலை செய்யுங்கள், ஒயர் கலரை நம்பாதீர்கள்.

பூமாலை ஜிப்சி:

பூ கட்டுகிற முடிச்சு அவிழாது ஐயா, அதைக் குறை சொல்லாதீர்கள்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் தம்பியை வைத்துப் பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். ஐஜி இப்போது சாவி லைனில். சாவி போட்டால் ஸ்க்ரூ டிரைவர் ஒட்டுகிறது, எடுத்தால் தொப்பென்று விழுகிறது. என் பையன் இதை ஏழெட்டு தடவை செய்து பார்த்தான், அவனுக்கு இப்போதுதான் இயற்பியல் பிடிக்கிறதாம்.

மீதி 0.09 எங்கே என்று தேடினோம். இப்போது டம்ளர் வித்தை வேலை செய்தது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கியதில், சாவி எடுத்தும் கரண்ட் இருக்கிற ஒரு ஃபியூஸில் விழுந்தது. அந்த லைனில் இருந்த ஒரு கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சைப் பூஞ்சை பூத்த மாதிரி செம்புக் களிம்பு. புயல் தண்ணீர் நின்ற அடையாளம், இத்தனை நாளாக அந்த ஈரத்தின் வழியாகக் கசிந்திருக்கிறது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டோம். இப்போது 0.03.

நேற்று 7 மணிக்கு நிறுத்திய பிறகு பாட்டரி 12.6, இன்று 3 மணிக்கு 12.5. அதே பழைய பாட்டரிதான்.

வண்டலூர் ரைடர்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் ஜீப்பின் டைனமோவையும் இன்று ராத்திரி தொட்டுப் பார்க்கப் போகிறேன். நாலு வருடமாக எதை ஒளித்து வைத்திருக்கிறேனோ.

டிப்போ ஒயர்மேன்:

எஸ் ஒயர் இன்னும் நேராகப் பாட்டரியில்தானே இருக்கிறது? அதில் ஃபியூஸ் போட்டீர்களா?

பூமாலை ஜிப்சி:

போடவில்லை ஐயா. அந்தச் சிவப்பு ஒயர் இன்னும் வெறுமனேதான் போகிறது. கோயிலில் மாலையைக் கொடுத்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கு ஜி.பி. ரோடு போகிறேன். 10 ஆம்பியர் போதும் இல்லையா?

டிப்போ ஒயர்மேன்:

போதும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், டைனமோ பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவல் இல்லை.